கையில் ஏந்தும் இசையும் எழுத்தும்

நுழையும்முன்

விரல் பட்ட கணத்தில் கைப்பேசியில் ஆயிரம் பாடல்கள் ஒலிக்கின்றன. ஆயிரம் நூல்கள் விரிகின்றன. இத்தகைய காலத்திலும் சுழலும் இசைத்தட்டையும் அச்சிட்ட நூலையும் இளைய தலைமுறையினர் விலைகொடுத்து வாங்குகின்றனர். இது பழமையின் மீதுள்ள பற்று மட்டும்தானா? அன்றி, விரைவினால் தர இயலாத ஒன்றை அவர்கள் தேடுகின்றனரா? பருத்தியாலும் பின்னலாடையாலும் பெயர்பெற்ற திருப்பூர் வட்டாரத்தை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

தொட்டுப் பார்க்கும் ஊர்

திருப்பூரின் பின்னலாடைத் தொழில் இன்று கணினியோடு பிணைந்துள்ளது. ஆடையின் வடிவம் திரையில் வரையப்படுகிறது. கடல் கடந்த நாட்டு வணிகரின் தேவை மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. அளவு, நிறம், எண்ணிக்கை, விலை என அனைத்தும் சில நொடிகளில் பரிமாறப்படுகின்றன. ஆயினும், அவ்வளவில் உற்பத்தி தொடங்கிவிடுவதில்லை. 'சாம்பிள்' என்று ஊரார் அழைக்கும் மாதிரி ஆடை தைக்கப்பட்டு வணிகரின் கைக்குச் சென்று சேர வேண்டும். அவர் அதைத் தொட்டும் இழுத்தும் துவைத்தும் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். துணியின் தரத்தை அறிய, அதிலிருந்து வட்டமாக ஒரு துண்டை வெட்டித் தராசில் இடுகின்றனர். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை அதைக்கொண்டு கணக்கிடுகின்றனர். படம் ஆடையின் தோற்றத்தைக் காட்டும். துணியின் மென்மையையும் எடையையும் காட்டாது.

செய்தியை அனுப்பத் திரை போதும். பொருளை அறியக் கை வேண்டும். பின்னலாடைத் தொழில் நாள்தோறும் மெய்ப்பிக்கும் உண்மை இது. ஆனால், துணி உடலில் படுவது, பாடலோ காதுக்குரியது, எழுத்தோ கண்ணுக்குரியது. அவ்விரண்டுக்கும் கை எதற்கு? உலகெங்கும் மீண்டும் சுழலத் தொடங்கியுள்ள இசைத்தட்டின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

அரக்கில் பதிந்த குரல்

1877ஆம் ஆண்டு தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பதிவுசெய்யும் கருவியை உருவாக்கினார். பத்தாண்டுகளுக்குப் பின், எமில் பெர்லினர் தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டறிந்தார். கிராமபோன் என்னும் அக்கருவி 1902இல் இந்தியக் குரல்களைத் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தது. பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர், கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவுசெய்தார். பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று, அங்கே தட்டுகளாக வார்க்கப்பட்டன. அங்கிருந்த தொழிலாளர் பாடியவரை அடையாளம் காண வேண்டும் என்பதற்காக, பாடலின் முடிவில் கௌஹர் ஜான் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினார். நூற்றாண்டு கடந்தும் அத்தட்டுகளில் அக்குரல் தன்னை அறிமுகம் செய்துகொண்டே இருக்கிறது.

அக்காலத் தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாட இயலும். இரவெல்லாம் நடைபெற்ற நாடகங்களில் ஒரே பாடலை நெடுநேரம் விரித்துப் பாடிய கலைஞர்கள், தம் கலையின் சாற்றை மூன்று நிமிடத்துக்குள் பிழிந்து தர வேண்டியதாயிற்று. கேட்போரும் உழைக்க வேண்டியிருந்தது. கைப்பிடியைச் சுழற்றிக் கருவிக்கு விசையேற்ற வேண்டும்; ஊசியை மாற்ற வேண்டும்; ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து சென்று தட்டைத் திருப்ப வேண்டும். கேட்டல் என்பது ஒரு செயலாக இருந்த காலம் அது.

தமிழ் நாடக மேடையின் தனிப்பெருங் குரலாக விளங்கியவர் எஸ். ஜி. கிட்டப்பா. தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய இரண்டே ஆண்டுகளில், 1933இல், தம் 27ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் எந்தத் திரைப்படத்திலும் நடிக்கவில்லை. இன்றைய தலைமுறை அவர் குரலைக் கேட்க முடிகிறது என்றால், அதற்கு இசைத்தட்டுகளே காரணம். அவருடைய துணைவியார் கே. பி. சுந்தராம்பாள், திருப்பூருக்குக் கிழக்கே காவிரிக் கரையில் அமைந்த கொடுமுடியில் பிறந்தவர். மேடையிலும் தட்டிலும் திரையிலும் ஒலித்த அவர் குரல், கொங்கு மண் தமிழிசைக்கு அளித்த கொடையாகும்.

அதே மண்ணின் மற்றொரு கொடை உடுமலை நாராயணகவி. இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் பூளைவாடியில் 1899இல் பிறந்த அவர், நாடகத்துக்கும் திரைக்கும் பாடல் எழுதி எளிய மக்களின் நாவில் தமிழைத் தவழவிட்டார். 'வேலைக்காரி', 'பராசக்தி' முதலிய படங்களில் இடம்பெற்ற அவர் பாடல்கள் இரு வடிவங்களில் மக்களைச் சென்றடைந்தன. ஒன்று இசைத்தட்டு; மற்றொன்று திரையரங்க வாயிலில் சில்லறைக் காசுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகம். குரலைத் தட்டு காத்தது. சொல்லைத் தாள் காத்தது. இசைத்தட்டும் அச்சும் உடன்பிறப்புகள் என்பதை அம்மெல்லிய பாட்டுப் புத்தகம் உணர்த்துகிறது.

தெரிந்து தெளிவோம்

பழைய 78 சுழற்சித் தட்டுகள் அரக்கினால் ஆனவை. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. உலகச் சந்தைக்கு அதனைப் பெருமளவில் அளித்த நாடு இந்தியா. அரக்கு எளிதில் உடையும் இயல்பினது. எனவே, கனிமப் பொடியோடு நுண்ணிய பருத்தி இழைகளையும் கலந்து தட்டுக்கு வலிமை ஊட்டினர். பாடலைத் தாங்கிய தட்டிலும் பருத்தி இருந்தது!

மீண்டும் சுழலும் தட்டு

1948இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், வினைல் என்னும் நெகிழிப் பொருளாலான நெடுநேர இசைத்தட்டை அறிமுகம் செய்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் முறைக்குச் சற்றே கூடுதலாகச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஒலித்தது. பின்னர் ஒலிநாடா வந்தது. 1982இல் குறுந்தகடு விற்பனைக்கு வந்தது. அதன்பின் இசை இணையத்தில் கலந்து உருவமற்றதாயிற்று. இசைத்தட்டின் காலம் முடிந்துவிட்டது என்றே பலரும் கருதினர்.

முடிந்துவிடவில்லை. 2022இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 4.1 கோடி வினைல் தட்டுகள் விற்பனையாயின, குறுந்தகடுகளோ 3.3 கோடியே விற்றன. எண்ணிக்கையில் தட்டு குறுந்தகட்டை விஞ்சியது 1987க்குப் பின் அதுவே முதன்முறை. அதே வேளையில், இசைத்தட்டு இணையத்தை வென்றுவிட்டதாக எண்ணிவிடலாகாது. அந்நாட்டு இசைத்துறை வருவாயின் மிகப் பெரும் பகுதி இன்றும் இணையவழி இசையிலிருந்தே கிடைக்கிறது. தட்டை வாங்குவோர் பலரும் கைப்பேசியிலும் பாடல் கேட்போரே. ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றுக்கு அவர்கள் மாறவில்லை. ஒன்றில் கிடைக்காததை மற்றொன்றில் தேடுகின்றனர்.

கிடைக்காதது எது? ஒலித்தெளிவு என்று சிலர் கூறுவர். மின்னணுப் பதிவு தெளிவில் குறைந்ததன்று. ஊசி உரசும் ஓசையும் தூசு எழுப்பும் இரைச்சலும் அதில் இல்லை. ஆகவே, வேறுபாடு ஒலியில் இருப்பதைவிடக் கேட்கும் முறையிலேயே மிகுதியாக உள்ளது. இணையவழிச் சேவையில் ஒரு பாடல் முடியுமுன் அடுத்த பாடல் அணிவகுத்து நிற்கிறது. பிடிக்கவில்லையென்றால் ஒரு தொடுகையில் தள்ளிவிடலாம். எதைக் கேட்பது என்பதையும் பெரும்பாலும் கணினி நிரலே முடிவுசெய்கிறது. இசைத்தட்டோ ஒரு பக்கம் முடிந்ததும் நின்றுவிடுகிறது. அங்கே பிறக்கும் அமைதியில், கேட்டதை மனம் அசைபோடுகிறது. அடுத்து என்ன என்பதைக் கேட்பவரே முடிவுசெய்கிறார். தட்டின் குறை எனக் கருதப்பட்ட எல்லையே இன்று அதன் சிறப்பாகியிருக்கிறது.

பஞ்சும் நூலும்

எல்லை உடைய மற்றொரு பொருள் அச்சிட்ட நூல். அதற்கு முதற்பக்கம் உண்டு; இறுதிப்பக்கமும் உண்டு. எவ்வளவு படித்தோம், எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைப் படிப்பவரின் இரு கைகளே உணரும்.

தமிழில் 'நூல்' என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவரை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்தார். நூற்பாலைகள் நிறைந்த திருப்பூர் வட்டாரத்தார்க்கு இவ்வுருவகம் அன்றாடக் காட்சியாகும்.

உருவகம் மட்டுமன்று; பருத்திக்கும் தாளுக்கும் நேரடி உறவும் உண்டு. மரக்கூழ் பரவலாவதற்கு முன், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை, ஐரோப்பாவில் பருத்தி, சணல் கந்தல்களிலிருந்தே தாள் செய்யப்பட்டது. பின்னலாடை ஆலைகளில் துணி வெட்டும்போது எஞ்சும் துண்டுகள் வீணாவதில்லை. அவை பிரிக்கப்பட்டு மீண்டும் நூலாக நூற்கப்படுகின்றன. கையால் செய்யும் தாளுக்கும் இத்தகைய பருத்தி வெட்டுத்துண்டுகள் தக்க மூலப்பொருளாகும். பருத்தித் தாளின் இழைகள் நீளமானவை. எனவே, அது எளிதில் கிழிவதில்லை. இந்திய ரூபாய்த் தாள்களும் பருத்தியினால் ஆனவையே.

தாளின் வலிமை அதன் இழையில் மட்டும் இல்லை. அதன் படிகளின் பெருக்கத்திலும் உள்ளது. ஓலைச்சுவடிக் காலத்தில் ஒரு சுவடியைக் கறையான் அரித்தால், ஓர் இலக்கியமே மறையக்கூடும். உ. வே. சாமிநாதர் ஊர் ஊராகச் சென்று சுவடிகளைத் தேடி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அதே ஆண்டில் சி. வை. தாமோதரனார் கலித்தொகையைப் பதிப்பித்தார். அச்சேறிய பின் ஒரு படி அழிந்தாலும் மற்றொரு படி வேறோர் இல்லத்தில் வாழ்ந்தது. பல கைகளில் பரவிய பொருளைக் காலம் எளிதில் அழிப்பதில்லை.

அவ்வாறு பரவியவற்றை மீண்டும் ஓரிடத்தில் திரட்டியவர்களும் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்கள், இதழ்கள், பாட்டுப் புத்தகங்கள், அழைப்பிதழ்கள் எனப் பிறர் எறிந்துவிடும் அச்சுத்தாள்களையும் அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைவுக்குப் பின் அத்தொகுப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தொடங்கப்பட்டது. இன்று தமிழியல் ஆய்வாளர்கள் நாடிச் செல்லும் இடம் அது.

திரையும் தாளும்

மின்னணு வடிவத்தை இகழ்வது பொருந்தாது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வழங்கிவருகிறது. நூலகமே இல்லாத ஊரில் வாழும் மாணவரும், கடல் கடந்து வாழும் தமிழரும் அதனால் பயன்பெறுகின்றனர். பார்வைக் குறைபாடு உடையோர்க்கு எழுத்தைப் பெரிதாக்கித் தருவதும் உரக்கப் படித்துக் காட்டுவதும் திரையினால் எளிதாகின்றன. தேடலுக்கும் பரவலுக்கும் திரைக்கு நிகர் இல்லை.

ஆனால், ஆழ்ந்து படிப்பதற்கு? 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 54 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தது. அவற்றில் பங்கேற்றோர் 1,70,000க்கும் மேற்பட்டோர். செய்தி சார்ந்த உரைநடையைத் தாளில் படித்தோர், திரையில் படித்தோரைவிடச் சற்றே நன்றாகப் புரிந்துகொண்டனர். நேர நெருக்கடி உள்ளபோது இவ்வேறுபாடு மிகுந்தது. கதைகளைப் படிப்பதில் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. அதாவது, குறை திரையின் ஒளியில் மட்டும் இல்லை. திரையைக் கண்டதும் விரைந்து மேய்ந்துசெல்லப் பழகிய மனத்திலும் இருக்கக்கூடும்.

உடைமை பற்றிய வினாவும் உண்டு. 2009இல் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984', 'விலங்குப் பண்ணை' ஆகிய நாவல்களின் சில மின்பதிப்புகளை, உரிமைச் சிக்கல் காரணமாக, பணம் செலுத்தி வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே நீக்கியது. பின்னர் அதற்காக வருத்தமும் தெரிவித்தது. அச்சிட்ட நூலை விற்றவர், வாங்கியவரின் வீட்டுக்குள் புகுந்து அதை எடுத்துச்செல்ல இயலாது. வாங்கியவர் அதை நண்பருக்குத் தரலாம்; பிள்ளைக்கு விட்டுச்செல்லலாம்; பழைய புத்தகக் கடையில் விற்கலாம். கையில் உள்ள பொருள் கைமாறும். கைமாறும்போது உறவும் வளரும்.

எவர் கைக்கு எட்டும்?

இங்கே ஒரு கடினமான உண்மையையும் நோக்க வேண்டும். இன்று புதிய வினைல் தட்டு ஒன்றின் விலைக்குப் பல நூல்களை வாங்கிவிடலாம். அதை ஒலிக்கச் செய்யும் கருவிக்கு மேலும் பொருள் வேண்டும். ஒரு காலத்தில் தேநீர்க் கடையிலும் திருமண வீட்டிலும் ஊருக்கே பாடிய இசைத்தட்டு, இன்று வசதி படைத்தோரின் அறையில் ஒலிக்கிறது. வினைல் மண்ணில் மட்காத நெகிழி என்பதையும் மறத்தல் ஆகாது. பழைய பொருள் என்பதனாலேயே அது தூயதாகிவிடாது.

திருப்பூரின் ஆலைகளில் ஒரு முழுநாள் வேலையோடு அரைநாள் வேலையும் சேர்ந்த 'ஒன்றரை ஷிப்ட்' என்பது பழகிய வழக்கு. தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்க்குக் கைப்பேசி, தொலைவில் உள்ள வீட்டின் சன்னலாகும். நெடுநேரம் உழைத்துக் களைத்தவரிடம் நிதானமாக இசை கேளுங்கள், நூல் படியுங்கள் என்று அறிவுரை மட்டும் கூறுவது எளிது. அவருக்கு அதற்கான நேரமும் இடமும் நூலும் கிடைக்கச் செய்வதே அரிது. நிதானம் என்பது செல்வர்க்கு மட்டும் உரிய உடைமையாகிவிடலாகாது. இசைத்தட்டின் மறுவரவு நம் காலத்தின் முன் வைக்கும் உண்மையான வினா இதுவே.

இவ்வினாவுக்குத் திருப்பூரில் பிறந்த ஒருவரே முன்பு விடை கண்டார். அவர் தி. சு. அவினாசிலிங்கம். சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக அவர் பணியாற்றிய காலத்தில், 1948இல், பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. நூலக அறிவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். அரங்கநாதனின் நெடுநாள் முயற்சி அதன் பின்னே இருந்தது. சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி திரட்டப்பட்டு, பொதுமக்களுக்கான நூலகங்கள் நடத்தப்பட்டன. நூல் வாங்க இயலாதவர் கையிலும் நூல் சேர்வதற்குச் சட்டமே வழிசெய்தது.

அவினாசிலிங்கம் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன். ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில் பிறந்தவர். இசைப்பாடல்கள் இயற்றிய கவிஞரும் ஆவார். உலக அறிவைத் தமிழில் அச்சேற்றிய அத்தொகுதிகள் இன்று மின்வடிவிலும் கிடைக்கின்றன. தாளில் பிறந்த அறிவு திரையில் பரவுகிறது. இரண்டும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

அம்மரபின் தொடர்ச்சியாகவே புத்தகத் திருவிழாக்களைக் கருதலாம். ஈரோட்டில் 2005 முதல் புத்தகத் திருவிழா நடைபெற்றுவருகிறது. திருப்பூரிலும் புத்தகத் திருவிழா நடைபெறுகிறது. அதனை முன்னெடுத்த அமைப்புகளுள் ஒன்றின் பெயர் 'பின்னல் புக் டிரஸ்ட்'. ஆடை பின்னும் ஊர் அறிவையும் பின்ன முயல்வதை அப்பெயரே சொல்கிறது. அங்கே வருவோர் நூலை எடுத்துப் புரட்டுகின்றனர், முன்னுரையைப் படிக்கின்றனர், விலையைப் பார்த்து வைத்துவிட்டு, சற்று நடந்து, மீண்டும் வந்து எடுக்கின்றனர். மாதிரி ஆடையைத் தொட்டுப் பார்த்து முடிவெடுக்கும் அதே கைகளின் பழக்கம் நூலைத் தேர்வதிலும் வெளிப்படுகிறது.

கையும் கருத்தும்

பாடல் காதுக்குரியது, எழுத்து கண்ணுக்குரியது, ஆனால், அவற்றில் நிலைத்து நிற்க மனத்துக்கு ஒரு பிடிப்பு வேண்டும். தட்டைத் திருப்பும் கையும் தாளைப் புரட்டும் கையும் அப்பிடிப்பை அளிக்கின்றன. திரை உலகத்தைக் கைக்கருகே கொண்டுவந்தது, அது பெரும்பேறு. கொண்டுவந்தவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அதனோடு சிறிது நேரம் தங்கியிருக்கும் ஆற்றலோ மனிதரிடமிருந்தே வர வேண்டும். அவ்வாற்றலைப் பழக்குவதற்கு விலையுயர்ந்த இசைத்தட்டு தேவையில்லை. ஊர்ப்புற நூலகத்தின் பழைய நூல் ஒன்றே போதும். வேண்டுவது, அந்நூலகத்தின் கதவு திறந்திருப்பதும் அதனுள் நுழைவோர்க்கு அரைமணி நேரம் ஓய்வு வாய்ப்பதுமே ஆகும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரிலுள்ள முதியவர்களிடம் உரையாடி, கிராமபோன், வானொலி, ஒலிநாடா ஆகியவற்றில் அவர்கள் பாடல் கேட்ட முறைகளைத் தொகுத்து எழுதுக.

2. ஒரே கட்டுரையின் ஒரு பகுதியைத் தாளிலும் மற்றொரு பகுதியைத் திரையிலும் படித்து, நினைவில் நின்ற கருத்துகளை ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'நூல்' என்னும் சொல் இழையையும் ஏட்டையும் குறிப்பதன் பொருத்தத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

4. 'நிதானம் என்பது செல்வர்க்கு மட்டும் உரிய உடைமையாகிவிடலாகாது' – இக்கருத்தை உங்கள் ஊர் நூலகத்தின் இன்றைய நிலையோடு பொருத்தி ஒரு பக்க அளவில் எழுதுக.